உராசாவின் சர்க்கரை

தேநீர் நேரத்தில் சமையற்காரன் கையிலிருந்து சர்க்கரை டப்பாவை வாங்கி, உராசா தாமே ஒரு குவளையில் மூன்று கரண்டி போட்டுக் கலக்குவார். கலக்கும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார். குவளையைக் கொண்டுபோய்ச் சுமைதூக்கி ஒருவனிடம் நீட்டி, "குடி தம்பி, குளிருது" என்பார். அந்தத் தம்பி அன்று சொல்கிற உப்புச்சப்பில்லாத வேடிக்கைக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். மறுநாள் காலையில் அவன் மூட்டையிலிருந்து ஐந்து கிலோ காணாமல்போய் உராசாவின் முதுகில் இருக்கும்.

இதற்கெல்லாம் ஒரே பொருள்தான். மலைக்குக் கீழே, ஊரில், அந்தத் தம்பியின் வீட்டில் யாரோ செத்துப்போய்விட்டார்கள்.

உராசா மலையடிவாரத்து மச்சாமே பக்கத்து ஆள். ஐம்பத்தாறு வயது. கிளிமஞ்சாரோவுக்கு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப்போவதில் இருபத்தேழு வருஷம். ஏழு நாள் பயணத்தில் எட்டுப் பேர் ஏறுவதற்கு முப்பது பேர் சுமப்பார்கள். அந்த முப்பது பேருக்கும் இவர்தான் தலை. கொக்குக் கால். மண்டையில் மனைவி அய்காண்டே பின்னிய பச்சைக் கம்பளித் தொப்பி. அதில் ஒரு காதுமடல் நீளம், ஒன்று குட்டை. சிகரத்தை அவர் அண்ணாந்து பார்த்ததை யாரும் கண்டதில்லை. ஏறுகிறவர்களின் கால்களைத்தான் பார்ப்பார். மூன்றாம் நாள் ஒருவன் ஷூ நாடா கட்டுகிற அழகை வைத்தே அவன் உச்சியைத் தொடுவானா, பாதியில் ஸ்ட்ரெச்சரில் இறங்குவானா என்று சொல்லிவிடுவார். அதையும் உதவி வழிகாட்டியிடம் மட்டும். ஏறுகிறவனுக்குக் கிடைப்பது "போலே போலே, மெதுவா, மெதுவா" மட்டுமே.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடாரத்தில் ஒவ்வொருவர் விரலிலும் கிளிப்பை மாட்டி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்ப்பார். சொந்த நாட்டில் கம்பெனி நடத்துகிறவர்கள் அப்போது பரீட்சைப் பேப்பர் வாங்குகிற பிள்ளைகளாகிவிடுவார்கள். தொண்ணூற்றுமூன்று வாங்கிய கணவன் எண்பத்தாறு வாங்கிய மனைவியைப் பார்க்கிற பார்வையில் ஒரு விவாகரத்தே ஒளிந்திருக்கும். உராசா எல்லார் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொண்டு, எல்லாரிடமும் ஒரே குரலில் "நல்லா இருக்கு" என்பார்.

சேதியை ஒளிக்கிற வழக்கம் பொழுதுபோகாமல் வந்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், மேலே பராஃபூ முகாமில், தும்சிஃபு என்ற சுமைதூக்கிக்குக் குழந்தை இறந்த சேதி வந்தது. உராசா உடனே சொன்னார். அவன் மூட்டையைப் போட்டுவிட்டு மூடுபனிக்குள் கீழ்நோக்கி ஓடினான். இரண்டு நாள் கழித்து ஒரு பாறைக்கடியில் கண்டெடுத்தார்கள். "ஒரு தடவை உண்மை சொன்னேன். ஒரு சாவு ரெண்டு சாவாச்சு" என்பார் உராசா, யாராவது வற்புறுத்திக் கேட்டால். அன்றிலிருந்து கெட்ட சேதி மலைமேல் கிடையாது. இறங்கி, தேசியப் பூங்கா வாசல் தாண்டிய பிறகுதான். ஊர்க்காரர்களுக்கும் இது தெரியும். செத்தவரின் மகனைப் போனில் கூப்பிடமாட்டார்கள், உராசாவைக் கூப்பிடுவார்கள். மகன் இறங்கி வரும்வரை அடக்கம் காத்திருக்கும்.

சொல்வதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார். வாசலுக்கு வெளியே இசாலே வேலி. நீள இலைச் செடி. தோட்டத்து எல்லைக்கும் அதைத்தான் நடுவார்கள், கல்லறைக்கும் அதைத்தான் நடுவார்கள், மன்னிப்புக் கேட்டு வருகிறவன் கையிலும் அதுதான் இருக்கும். நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. உராசா ஓர் இலையைப் பறித்து முடிச்சுப் போட்டு, ஒளித்த குற்றத்துக்காக முதலில் அதை நீட்டுவார். சேதியை அதற்கப்புறம்தான் சொல்வார்.

விதியில் ஓர் ஓட்டை உண்டு. சர்க்கரைக்கு என்ன பொருள் என்பது முப்பது பேருக்கும் மனப்பாடம். போன வருஷம் புதிதாக வந்த சமையற்காரன் ஈரத்தில் கட்டிதட்டிய சர்க்கரையை அப்படியே பானையில் தள்ளிவிட்டான். ஆளுக்கு ஒரு வாய் குடித்ததும் முகாமே இழவு வீடாகிவிட்டது. ஒருவன் அம்மா பேரைச் சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். இன்னொருவன் உராசாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "போனது எங்கப்பாவா, மாடா, அதையாவது சொல்லுங்க பெரியவரே" என்றான். வெளிநாட்டுக்காரர்கள் இதை உள்ளூர் மாலை வழிபாடு என்று எண்ணி, தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

எல்லாரும் இந்த விதியைக் கொண்டாடுவதில்லை. ஸ்வாய் என்ற சுமைதூக்கி இரண்டு வருஷமாக உராசாவோடு பேசுவதில்லை. கடைசிக் காலையில் விருந்தாளிகளை வட்டமாக நிறுத்தி முப்பது பேரும் பாடி ஆடுவது வழக்கம். முதல் அடியை உராசா எடுத்துக்கொடுப்பார். இனிப்புத் தேநீர் குடித்தவனும் குரல் கொடுத்தாக வேண்டும். அப்படி ஆடிவிட்டு இறங்கிய ஸ்வாய், வாசலில் இலையை வாங்கிக்கொண்டான், வாங்கித்தானே ஆகவேண்டும். பிறகு ஒன்றே ஒன்று சொன்னான். "எங்கப்பா பெட்டியில படுத்திருக்காரு. நீங்க என்னை ஆட விட்டீங்க."

இந்த ஜனவரியில் அய்காண்டே மோஷி டவுன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். நுரையீரலில் நீர். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். உராசா கட்டிலருகே உட்கார்ந்து, தொழில்புத்தி போகாமல், அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். அவள்தான் விரட்டினாள். "எண்ணாதீங்க, மலைக்காரரே. நான் என்ன உங்க வெள்ளைக்காரியா, உச்சிக்குக் கூட்டிட்டுப்போக? கிளம்புங்க. நீங்க திரும்பி வரதுக்குள்ள நான் வாழைக்கு மண் அணைச்சுட்டு நிப்பேன்." அவர் அவள் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். அவள் சிரித்தாள். அந்தக் குரலை அவள் முப்பது வருஷமாகக் கேட்டவள்.

நான்காம் நாள் கரங்கா முகாம். அதற்கு மேலே தண்ணீர் கிடையாது; சிக்னலும் அங்கே ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான். உராசா ஏறி மகள் மன்காவைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். பிறகு அவள் போனே அணைந்துவிட்டது. இறங்கி வந்து, தண்ணீர்க் கேன்களை எண்ணினார். இரண்டு முறை எண்ணினார், இரண்டு விதமாக வந்தது. அப்புறம் உதவி வழிகாட்டி அந்தப் பாறைக்குப் போனான். நெடுநேரம் போனைக் காதில் வைத்து, முதுகைக் காட்டியே நின்றான்.

உதவி வழிகாட்டியின் பெயர் ஆனஸ்ட். ஆங்கிலத்தில் நேர்மையானவன் என்று பொருள். எங்கள் மலையடிவாரத்துத் தாய்மார்கள் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டு திண்டாடுவார்கள்.

தேநீர் வந்தது. உராசா சர்க்கரை போட்டுக்கொள்ளாத ஆள். ஒரு வாய் குடித்தார். நாக்கில் ஒட்டியது. குவளையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த சுமைதூக்கியின் குவளையை வாங்கி ஒரு வாய், அடுத்தவன் குவளையில் ஒரு வாய், சமையற்காரன் குவளையில் ஒரு வாய். எதிலும் இனிப்பில்லை. எவனும் ஏன் என்று கேட்கவில்லை.

அவர் ஆனஸ்டைப் பார்த்துத் தம் பழைய வேடிக்கையை எடுத்துவிட்டார். "மலையில பனி ஏன் குறையுது தெரியுமா தம்பி? இத்தனை வெள்ளைக்காரங்க வாயைப் பிளந்து ஊதினா எந்தப் பனி நிக்கும்?" பதினொரு வருஷமாக "பழசு பெரியவரே, பூஞ்சை பிடிச்சிருச்சு" என்று சொல்லிவந்த ஆனஸ்ட், அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரிப்பு நின்றது. நீர் நிற்கவில்லை.

உராசா தம் குவளையை எடுத்து மிச்சத்தையும் குடித்தார்.

கேட்டிருக்கலாம். அங்கிருந்து ஒரே நாளில் இறங்கிவிடலாம். வழியும் தெரியும், கால்களும் தெரியும். தும்சிஃபுவுக்கும் தெரிந்திருந்தது. அதோடு இன்னொன்று. கேட்காதவரைக்கும் அய்காண்டே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, பப்பாளி சரியாகப் பழுக்கவில்லை என்று மன்காவைத் திட்டிக்கொண்டிருப்பாள். இரண்டரை நாளைக்கு அவளை அப்படியே வைத்துக்கொள்ள அவரால் முடியும். மறுநாள் காலை முன்னால் நடந்தார். "போலே போலே" என்றார். தம் பை எடை குறைந்திருப்பதைத் தோள் சொன்னது, திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியில் விடிந்தது. எட்டுப் பேரும் தொட்டுவிட்டார்கள்; வழக்கம்போல ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த மலையில் ஏனென்று கேள்வி கேட்காமல் அழவிடுகிற இடம் அது ஒன்றுதான். உராசா உச்சியின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் போய் நின்று, தொப்பியின் நீளக் காதுமடலை வாயில் கடித்துக்கொண்டு அழுதார். ஓர் அம்மாள் பார்த்துவிட்டாள். எத்தனையோ முறை ஏறியவருக்கும் இன்னும் மலை இப்படிக் கண்ணீர் வரவழைக்கிறதே என்று நெகிழ்ந்து, அவரைப் படமெடுத்துக்கொண்டாள். நல்ல படம்தான். ஊரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள்.

கடைசிக் காலை. விருந்தாளிகள் வட்டமாக நின்றார்கள். உராசா முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். ஸ்வாய் வரிசையிலிருந்து வெளியே வந்தான்.

"ஒதுங்குங்க பெரியவரே. இன்னைக்கு முதல் அடி நான் எடுக்கறேன்."

இரண்டு வருஷத்துக்குப் பின் அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு. உராசா ஒதுங்கி, வரிசையில் அவன் விட்டுவந்த இடத்தில் போய் நின்று, மற்றவர்களோடு கைதட்டினார். தாளம் தவறவில்லை.

மதியத்துக்குள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். விருந்தாளிகள் சான்றிதழுக்கு வரிசை கட்டினார்கள். வாசலுக்கு வெளியே ஆனஸ்ட், நன்றாகவே கட்டியிருந்த ஒரு மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்தான். மறுபடி அவிழ்த்தான். வேலிப் பக்கம் அவன் கண் போகவில்லை.

உராசா வேலிக்கு நடந்தார். நல்ல இலையாகப் பார்த்து ஒன்றைப் பறித்து, முடிச்சுப் போட்டார். திரும்பி வந்து அதை ஆனஸ்டின் கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினார். இரண்டடி பின்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இலையை வாங்கிக்கொள்ள வலது கையை நீட்டினார்.