சின்னவனுக்கு எழுத்து வராத வருஷங்கள்

என் பெரிய மகனுக்கு வீட்டில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்கள் வீதியில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் அப்போது ரெண்டு மூன்று பேர். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனைப் பிடித்து உட்கார வைத்து, வாத்தியார் எழுதிப்போட்டதைப் பத்துத் தடவை எழுத வைப்பேன். பத்து வயதில், பர்மாவில் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரருக்கு, அவன் அப்பச்சிக்கு, தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினான். அதை வீடு வீடாகக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போட்டேன்.

"கையெழுத்து நன்றாக இருக்கிறது. இனி ஊரில் இருக்க வேண்டாம், கடைக்கு அனுப்பி வைக்கவும்" என்று பதில் வந்தது. எங்கள் ஆட்களிடம் அது வழக்கம்தான். பையன் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதிவிட்டால் கப்பல் ஏற்றிவிடுவார்கள். எனக்குத் தெரியாததா? தெரியும். பதினாலு வயதாவது ஆகட்டும் என்று அவர் சொல்வார் என நினைத்தேன். நான் ஒரு மடச்சி. நாலு வருஷம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கடிதம் மட்டும் முத்து முத்தாக வந்துகொண்டிருந்தது.

அதனால் சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஒரு முடிவோடு இருந்தேன். இவனுக்கு எழுத்து வரக் கூடாது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் சிலேட்டோடு வந்து ஆசையாக என் முன்னால் உட்காருவான். தெரிந்த எழுத்துகளையே திரும்பத் திரும்ப எழுதச் சொல்வேன். புதுப் பாடத்தைத் திறந்தால் சீப்புச் சீடையை நீட்டிப் பேச்சுக் கொடுப்பேன். சிலேட்டுக் குச்சியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு அவனோடு சேர்ந்து நானும் தேடுவேன். "சின்னவன் எப்போது எழுதுவான்?" என்று அவன் அப்பச்சி கேட்டால், "இன்னும் எழுத்துக் கூட்டவே வரவில்லை, கொஞ்சம் மந்தம்" என்று கூசாமல் எழுதிப் போடுவேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் வந்தவன் சீடையைத் தொடவில்லை. வலது கையை மூடியே வைத்திருந்தான். பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கப் பிரம்புத் தடம், வீங்கிக் கிடந்தது. அவனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்திருக்கிறார் வாத்தியார்.

"என் மண்டையில ஒண்ணுமே இல்லைனு வாத்தியார் சொல்றாக. நெசமா ஆத்தா?" என்றான்.

"இல்லடா ராசா. ஒன் மண்டையில எல்லாம் இருக்கு. ஒன் ஆத்தாதான் பாவி" என்று அழுதேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கண்ணைத் துடைத்துவிட்டான்.

யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டால் காறித் துப்ப மாட்டார்களா? இளையாத்தங்குடிக் கோயிலுக்குப் போய் நின்றேன். பிள்ளைக்குப் படிப்பு வரட்டும் என்று வேண்டுவதா, வர வேண்டாம் என்று வேண்டுவதா? ஒன்றும் வேண்டாமலே திரும்பி வந்தேன். வழியெல்லாம் அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் பானைக்குள்ளிருந்து சிலேட்டுக் குச்சியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். மூன்று வருஷமாக நான் அடைத்து வைத்திருந்ததை நாலே மாதத்தில் படித்து முடித்தான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அண்ணன் மாதிரி நானும் அப்பச்சிக்கு எழுதட்டா?" என்று ஒரு நாள் கேட்டான். நாளைக்கு எழுதுவோம் என்றேன். அடுத்த நாளும் அதையேதான் சொன்னேன். ஒரு மாதம் அப்படி ஓட்டினேன். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே எழுதித் தபால்காரரிடம் கொடுத்துவிட்டான். வந்து சொன்னபோது அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக் கையைக் கீழே போட்டுவிட்டேன்.

பதில் அவன் பெயருக்கே வந்தது. அவன் பெயருக்கு வந்த முதல் கடிதம். நான் வாங்கப் போனேன். கொடுக்க மாட்டேன் என்று தூண் பக்கமாகத் தள்ளி நின்று, தானே பிரித்து உரக்க வாசித்தான்.

"சிரஞ்சீவி மகனுக்கு ஆசீர்வாதம். கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். தை மாதம் உன் மாமா வருகிற கப்பலில் நீயும் புறப்பட்டு வரவும்."

எங்கும் திக்கவில்லை. எழுத்துக் கூட்டவும் இல்லை. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சரியா வாசிச்சேனா ஆத்தா?"

"சரியா வாசிச்சே, ராசா" என்றேன். "ஒரு பிழை இல்ல."