பஸ் காத்திருக்கவில்லை

ஜெர்மன் மொழிபெயர்ப்பாளராக எத்தனையோ விருந்தினர்களோடு அலைந்திருக்கிறேன். பெரும்பாலும் இயந்திரம் விற்க வருகிறவர்கள். போன வருடம் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டு, வரப்போகிறவர் யாரென்று சொன்னபோது பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். ஜெர்மன் பெண்கள் தேசியக் கால்பந்து அணியில் பல வருடம் தடுப்பாட்டம் ஆடி ஓய்வுபெற்றவர். கல்லூரி அணியில் நான் ஆடிய காலத்தில், காக்ஸ் டவுன் வீட்டில் உட்கார்ந்து அவருடைய ஆட்டங்களை மங்கலான வீடியோக்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்சாலை மேலாளருக்கு ஒரே கவலைதான். "ஃபேமஸ்தானா அவங்க, மேடம்? இன்ஸ்டாவுல பாத்தேன், ஃபாலோயர்ஸே இல்லையே" என்றார். அவர் ஊரில் அரங்கமே எழுந்து நின்று அவரை வழியனுப்பியது என்றேன். மேலாளர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

அங்கே வேலை செய்யும் பெண்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள். அதிகமும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண்கள். அவர்கள் ஆடுவதைப் பார்க்கத்தான் அந்த அம்மா சம்மதித்து வந்திருந்தார். ஆனால் முதலில் மேடை, மாலை, மைசூர்த் தலைப்பாகை. பிறகு உரைகள். அதற்குப் பிறகு ஆண்கள் அணியின் ஆட்டம், முழுதாக. இடையில் மேடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் ஜெர்மன் ஆண்கள் அணியைப் பற்றியே கேட்டார்கள். ஒவ்வொன்றையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பெண்கள் அணியின் கோல்கீப்பர் மட்டும் மேடை ஓரமாக வந்து மெதுவாகக் கேட்டாள். "அக்கா, ஆடப் போறதுக்கு அவங்களுக்கு லீவு குடுப்பாங்களான்னு கேளுங்க."

அன்று முதல்முறையாக அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். தேசிய அணிக்கு வந்த பிறகும் ஒரு தபால் நிலையத்தில்தான் வேலை பார்த்ததாகவும், ஆட்டத்துக்குப் போன நாட்களுக்குச் சம்பளம் வெட்டினார்கள் என்றும் சொன்னார். அதைத் தமிழில் சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள். "அங்கயுமா?"

பெண்கள் களம் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். ஷிஃப்ட் பஸ் கிளம்புகிறதாம். பூட்ஸைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அந்தப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த அம்மா எழுந்து மேலாளர் அருகே போனார். என்னிடம், இதை அப்படியே சொல் என்றார்.

"ஒரு பஸ் கிளம்பறதைப் பாக்க இவ்வளவு தூரம் வரலைன்னு சொல்றாங்க சார்" என்றேன்.

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல ஜோக் என்று அவர் கையைக் குலுக்கி, கேமராவைப் பார்த்துத் திரும்பினார். மறுநாள் தொழிற்சாலைக்காரர்கள் வெளியிட்ட படத்துக்குக் கீழே 'வெளிநாட்டு விருந்தினர்' என்று மட்டும் போட்டிருந்தது.

திரும்பும் வழியில் ஓசூர் ரோடு நெரிசலில் கார் நகரவே இல்லை. நீ ஆடியிருக்கிறாயா என்று அந்த அம்மா கேட்டார். ரைட் விங், கல்லூரி முடியும்வரை என்றேன். ஏன் விட்டாய் என்றார். படிப்பு முடிந்த பிறகு சேர ஒரு அணி இல்லை என்றேன். நல்ல ஜெர்மனில், பிழையே இல்லாமல் சொன்னேன். அவர் மடித்து வைத்திருந்த காலை நீட்டி, முழங்காலை இரு கையாலும் அழுத்திக்கொண்டார்.