ஆள் முங்கும் பள்ளத்தை அழித்த கதை

போன வாரம் திங்கட்கிழமை நான் ஒரு பள்ளத்தை அழித்தேன். செல்போனில்தான்... ஒற்றை விரலால்.

விவரமாகச் சொல்கிறேன். தாமிரபரணியில் குளிக்க வருகிறவர்களுக்காக நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து ஆன்லைனில் ஒரு மேப் நடத்துகிறோம். எந்தப் படித்துறை வழுக்கும், எங்கே இழுப்பு அதிகம், எங்கே சின்னப் பிள்ளைகளை இறக்கலாம் – யார் வேண்டுமானாலும் எழுதலாம். சம்பளம் கிடையாது, தலைவர் கிடையாது. ரூல் மட்டும் உண்டு. எழுதியவன் அடியேன்.

அதில் நாலாவது ரூல்: போட்டோ இல்லாத பதிவு நீக்கப்படும். சும்மா வந்ததில்லை. ஒருவர் ஒரு துறையில் முதலை கிடக்கிறது என்று எழுதிவிட்டார். இரண்டு நாள் அந்தப் பக்கம் ஈ, காக்கை போகவில்லை. போய்ப் பார்த்தால் மிதந்து வந்த பனந்தடி. அன்று பிறந்தது அந்த ரூல்.

திங்கட்கிழமை பதிவு போட்டவர் இசக்கியம்மாள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர், நடவு வேலைக்குப் போகிறவர். அவர் ஊர்ப் படித்துறையைப் பற்றி, 'கடைசிப் படியிலிருந்து பத்தடியில் ஆள் முங்கும் பள்ளம்' என்று ஒரே வரி. போட்டோ இல்லை. திருநெல்வேலி டவுணில் பஸ்ஸுக்கு நின்றபடியே நீக்கினேன். அதில் ஒரு பெருமை வேறு.

பஸ் ஜங்ஷன் போய்ச் சேருவதற்குள் வாட்ஸ்அப் குழு பற்றிக்கொண்டது. உயிர் பெரிதா, ரூல் பெரிதா என்று ஒரு கட்சி. இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு டைனோசர் வரும் என்று எதிர்க்கட்சி. கங்கைகொண்டானில் ஷிப்ட் வேலை பார்க்கும் சங்கர் என் பக்கம். விட்டுக்கொடுக்கவே கூடாது என்று மெசேஜ் மேல் மெசேஜ். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். யாரும் கூப்பிடவில்லை என்றதும் திரும்பியும் வந்தார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. தர்ப்பணம் கொடுக்க வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். அந்தத் துறையோ எங்கள் மேப்பில் பச்சைக் கலரில் இருக்கிறது. பச்சை என்றால் பயமில்லாமல் இறங்கலாம் என்று அர்த்தம். பள்ளம் நிஜமாகவே இருந்தால்..?

போய்ப் பார்க்க பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனாலும் போகவில்லை. போனால் தோற்றதாகிவிடுமே! வேறென்ன, வீம்பு.

இத்தனை சத்தத்திலும் இசக்கியம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. புதன்கிழமை மத்தியானம் இரண்டு போட்டோ அனுப்பினார். முதலாவதில் கரையில் நிற்கிறார். கையில் அவரைவிட ஒரு முழம் உயரமான மூங்கில் கழி, நுனியில் சிவப்புத் துணி. இரண்டாவதில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார், கை முன்னால் நீண்டிருக்கிறது. கழியைக் காணோம். தண்ணீர் மட்டத்தில், கையில் சிவப்புத் துணி மட்டும்.

உடனே போன் செய்தேன். முந்தின வாரம் அதே இடத்தில் அவர் தெருப் பிள்ளை ஒருத்தி முங்கி, தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்களாம். இதைக் குழுவில் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா சண்டைதான் கூடும் அண்ணாச்சி. உங்க ரூல் தப்புன்னு நான் சொல்லலை. தண்ணிக்குள்ள கிடக்கதுக்கு அதுல இடமில்லை, அம்புட்டுதான்."

அப்படியானால் எப்படி மாற்றலாம் என்று கேட்டேன்.

"எழுதுதவுக எழுதட்டும். அழிக்கணும்னு நினைக்கவுக ஒரு நடை வந்து பாத்துட்டு அழிக்கட்டும்."

ரூல் சண்டை எல்லாமே இப்படித்தான் போலிருக்கிறது. மூன்று நாள் நாற்பது பேர் யார் ஜெயிப்பது என்று மல்லுக்கட்டினோம். அந்த ரூல் எங்கே பத்தவில்லை என்று பார்த்தவர் அதனால் அடிபட்டவர் மட்டும்தான். பனந்தடி ஒரு நாள் முதலையாகக் கிடந்தால் என்ன நஷ்டம்? நாலு பேர் வீட்டுக் குழாயில் குளிப்பார்கள். பள்ளம் ஒரு நாள் பச்சையாகக் கிடந்தால்?

அவர் சொன்னதை அப்படியே குழுவில் போட்டேன், என் தப்பையும் சேர்த்து. முதலில் வந்த பதில் சங்கருடையது. நேரில் பார்க்கும்வரை பதிவு மஞ்சள் கலரில் இருக்கட்டும் என்று ஒரு திருத்தம் சொன்னார். நல்ல திருத்தம். கூடவே, முதல் ஆளாக நான்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். குழு ஏகமனதாக ஆமோதித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். இசக்கியம்மாள் கழியைக் கொடுத்து, "பைய வாங்க, அங்கனயே நில்லுங்க" என்றார். இறக்கினேன். கழி போய்க்கொண்டே இருந்தது... கரையேறி, ஈரக் கையோடு மேப்பில் சிவப்புப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அடுத்த துறையில் குளித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

ஆற்றுக்கு ரூல் எழுதியவனுக்கு நீச்சல் தெரியாது என்கிற விஷயம் குழுவில் யாருக்கும் தெரியாது – உங்களோடு இருக்கட்டும்.