வேரில்லாமல் நின்ற கள்ளி

எங்கள் வீட்டுக்கார அம்மா குளிர்காலத்தில் ஹீட்டர் போடுவது ஒரு கள்ளிச் செடிக்காக. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். எண்பதுகளின் கடைசியில், செவன் கிங்ஸ் என்ற ஆங்கிலேயப் புறநகரில் ஒரு மேல்மாடி அறையில், நானும் மனைவி புஷ்பமும் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்போம். கீழே முன்னறைச் சன்னலோரம், முழங்கால் உயரத்தில், அது சூடு காய்ந்துகொண்டு நிற்கும். ஊரில் கள்ளியை வேலிக்கு நடுவோம். ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. இங்கே அதற்குத் தனி அறை. வந்த புதிதில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அந்த வீட்டுக்கார அம்மா, மிஸிஸ் பார்லோ, விதவை. அவருடைய கணவர் அமெரிக்கப் பாலைவனத்தில் வேலை செய்தபோது கிடைத்த பழமொன்றின் விதையில் முளைத்ததாம் அந்தக் கள்ளி. பெயர் சகுவாரோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் தந்து, படங்களைக் காட்டிக் காட்டி விளக்கினார். முதல் பத்து வருடத்தில் விரல் நீளம்தான் வளருமாம். அந்த வயதில் வெயிலும் பனியும் தாங்காது; வேறொரு மரத்தின் நிழலில் ஒண்டித்தான் பிழைக்கும். கிளை விட ஒரு மனித ஆயுள் வேண்டும். பூ இரவில் விரிந்து மறுநாள் மூடிவிடும். அதற்குள் வௌவாலும் தேனீயும் வந்துபோக வேண்டும். அந்த நாட்டில் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் அதைப் பிடுங்கக் கூடாதாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வயிறு எரிந்தது. எங்களை ஊரிலிருந்து பிடுங்கி எறிந்தவர்கள் யாரிடம் அனுமதி கேட்டார்கள்?

தை மாதம் அவர் கடலோர ஊரொன்றில் இருந்த தங்கையிடம் போனார். போகுமுன் விரலை ஆட்டிச் சொன்னார்: வசந்தம் வரும்வரை செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. நான் அதைப் புஷ்பத்திடம் சொன்னேன். அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அரிசி கழுவின தண்ணீரைச் சிங்கில் ஊற்ற அவளுக்கு மனம் வராது. ஊரில் அது கிணற்றடிக் கறிவேப்பிலைக்குப் போகும். அவளுக்கு அது வெறும் பழக்கம் இல்லை, ஒரு முறைமை.

பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு மாலை, செடி சரிந்து நிற்கக் கண்டேன். அடியைத் தொட்டேன். பழுத்த பப்பாசியில்போல விரல் உள்ளே போனது.

"இதுக்குத் தண்ணி ஊத்தினனீரோ?"

"பின்னை? ஹீட்டருக்கு முன்னால வாயில்லாச் சீவன் காயுது. நான் என்ன நஞ்சே ஊத்தினனான்? அரிசி கழுவின தண்ணிதானே."

"ஐயோ, வேண்டாமெண்டு சொன்னனான் எல்லே!"

அவளுடைய முகம் செத்துப்போனது. "இஞ்சாருங்கோ, எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போடுவாவோ?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அறை தேடி, பக்கத்து ஊரான குட்மேய்ஸ் வரை கதவு கதவாகத் தட்டியிருந்தோம். பிள்ளை வரப்போகிறது என்றதும் எல்லாரும் அறை இல்லை என்றார்கள். மிஸிஸ் பார்லோ மட்டுமே ஓம் என்றவர். எங்களுடைய அகதி வழக்கோ இழுபட்டுக்கொண்டிருந்தது. வேறு கள்ளியொன்று வாங்கி வைப்போமா என்றுகூட யோசித்தேன். அத்தனை வருடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

மறுநாள் அவர் வந்து இறங்கினார். இரவெல்லாம் மனனம் செய்த ஆங்கிலத்தின் முதல் வாக்கியத்தை நான் தேடிக்கொண்டிருந்தேன். புஷ்பம் என்னை விலக்கிக்கொண்டு முன்னே போனாள். அரிசி கழுவின தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டி, செடி நின்ற முன்னறையைக் காட்டினாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. களைத்து வந்தவருக்கு விளங்கியது வேறு. எவ்வளவு அன்பு என்று சொல்லி, வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

"ஐயோ, குடிச்சிட்டா!" என்று புஷ்பம் அழத் தொடங்கினாள்.

அதன் பிறகுதான் மிஸிஸ் பார்லோ செடியைப் பார்த்தார். சமையலறையிலிருந்து பாண் வெட்டும் கத்தியை எடுத்துவந்து, பத்திரிகைத் தாளில் செடியைக் கிடத்தி, அடியிலிருந்து துண்டு துண்டாக அரிந்தார். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் அழுகிய பழுப்பு வளையம். மறுபடி அரிந்தார். பழுப்பு. கணவரின் கைபட்ட வேரெல்லாம் தாளில் கிடந்தது. புஷ்பம் என் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள். பாதிக்கு மேல் போனபிறகுதான் வெள்ளையும் பச்சையுமாகச் சுத்தமான சதை தெரிந்தது.

"நாங்கள் போக வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இந்தக் குளிரில் பிள்ளையோடு எங்கே போவீர்கள்?" என்றார், கோபம் தணியாமலே. கத்தியைக் கழுவும்போதுதான் அவருடைய தோள் குலுங்கியது.

வெட்டிய முகம் காய்ந்தபின் மிச்சத்தை வறண்ட மணலில் நிறுத்தினார். உடம்பில் முன்பு சேர்த்த தண்ணீரைக் கொண்டே அது வேரில்லாமல் மாதக்கணக்காகப் பச்சையாக நிற்குமாம். நின்றது. மகள் பிறந்து, குப்புறப் பிரண்டு, தவழவும் தொடங்கிவிட்டாள். வழக்கு அப்போதும் முடியவில்லை. காலையில் புஷ்பம் சமைக்கப் போகும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னலடியில் நிற்பாள்.

"வேர் விட்டிட்டுதோ?" என்று என்னைக் கேட்பாள்.

"இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்."

"இழுத்தால்?"

"விட்டிருந்தால் அந்த வேர் அறுந்துபோம்."

நீட்டிய கையை மடக்கிக்கொள்வாள். பிறகு அரிசியைக் கழுவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தண்ணீரைச் சிங்கில் ஊற்றுவாள்.