விண்ணப்பத்தில் இருந்த என் மனைவியின் பெயர்

2006-ஆம் ஆண்டு, துர்கா பூஜைக்கு முந்தைய வாரம். கொல்கத்தாவில் ஒரு பெரிய ஓட்டலின் மூன்றாவது மாடியில், ஏ.சி. அறையிலும் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பட்டுப்புடவையில் என் மனைவி. கனடாவில் ஒரு சின்ன மாகாணம், அங்கே வந்து தொழில் தொடங்கத் தயாராக இருப்பவர்களை நிரந்தரமாகக் குடியேறப் பரிந்துரை செய்கிறது. அன்று அதற்கான நேர்காணல். ஊருக்குள்ளேயே சால்ட் லேக் பகுதியில் ஓர் ஏஜென்டைப் பிடித்து, இரண்டு வருடம் நாயாய் அலைந்து அந்த நாற்காலிக்கு வந்திருந்தேன்.

மாற்றலாகிப் போகிறவர்களின் வீட்டுச் சாமான்களைப் பேக் செய்து லாரியில் அனுப்புவது என் தொழில். கிடர்பூரில் சின்னதாக ஒரு குடோன். மத்திய அரசு வேலையில் கொல்கத்தா வரும் தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு வருடத்தில் மூட்டை கட்டிவிடும். அவர்களை நம்பித்தான் எங்கள் பிழைப்பு.

தொண்ணூறுகளில் இதைத் தொடங்கியபோது நான் துறைமுகத்தில் குமாஸ்தா. வேலையில் இருப்பவன் சொந்தத் தொழில் செய்யக்கூடாது. அதனால் ஊரே செய்வதைப் போல லைசென்ஸ், பேங்க் கணக்கு, வருமான வரி எல்லாம் மனைவி பெயரில். பிறகு விருப்ப ஓய்வு வாங்கி முழுமூச்சாக இறங்கியும் பெயரை மாற்றவில்லை. எல்லாம் வீட்டுக்குள்தானே என்ற மெத்தனம். ஏஜென்டும் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

நேர்காணல் செய்த வெள்ளைக்கார அம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு, எதிலுமே உங்கள் பெயர் இல்லையே என்றார். நான் அசட்டுச் சிரிப்புடன், "அது சும்மா பேருக்கு மேடம். இவள் ஹவுஸ்ஒய்ஃப்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அப்படியானால் இவையெல்லாம் பொய்ப் பத்திரங்களா என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றால் மோசடிக்காரன். இல்லை என்றால் அந்த அறையில் நான் யாருமே இல்லை.

அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பத்திரம் பொய் இல்லை என்றாள். ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் போவது தான்தான் என்றாள். கிரைண்டர் கல்லைக் கழற்றி எப்படிச் சாக்கில் சுற்றுவது, எந்த ஆளிடம் கண்ணாடிச் சாமானைக் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கவே கூடாது, எல்லாம் வந்தது. பாதி எனக்கே தெரியாது. அவள் அந்த வீடுகளுக்குக் காபி குடித்து அரட்டையடிக்கப் போவதாகத்தான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. நீங்கள்தான் முதலாளி, நீங்களே விண்ணப்பிக்கலாம், எங்கள் மாகாணத்துக்கு வர உங்களுக்கு விருப்பமா என்று அவளிடம் கேட்டார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சரி சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல மேடம். என் தொழில் இங்க நல்லாத்தான் நடக்குது."

இடி விழுந்தது போல இருந்தது. எப்படி எழுந்தேன், எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. டாக்ஸியில் ஏறியதும் கத்தினேன், இதை முன்னாலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று.

"ரெண்டு வருஷமா கையெழுத்து எங்க போடணும்னு காட்டினீங்க, போட்டேன். வர்றியான்னு நீங்க எப்பங்க கேட்டீங்க? இன்னிக்கு அந்தம்மா கேட்டாங்க, சொன்னேன்."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வெட்கமாக இருந்தது. துர்கா பூஜை முடிந்து, தீபாவளியோடு வரும் காளி பூஜையும் வந்துவிட்டது, என் கோபம் மட்டும் இறங்கவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

நாங்கள் இன்னும் கொல்கத்தாவில்தான் இருக்கிறோம். கனடா போகாத வருத்தம் எனக்கு முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி முதல் சந்திப்பிலேயே அவளிடம் கேட்ட கேள்வியை, கூடவே வாழ்ந்த நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் கூசிப்போகிறேன்.