டயர் என்ற வரிக்கு நேரே ஒரு டிக்

போன வாரம் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது, சீருடை போட்ட ஒரு பெண் கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பி, "எல்லாம் செக் பண்ணியாச்சு சார்" என்று காட்டினாள். மேலிருந்து கீழ்வரை பச்சை டிக்குகள். டயர் தேய்மானத்துக்கும் ஒன்று. "இத யாரும்மா பாத்தது?" என்றேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "சிஸ்டம்ல வந்துரும் சார்" என்றாள். நான் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டு இறங்கி, முன் சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. பின்னால் நின்றவர் என் சாவி விழுந்துவிட்டது என்று நினைத்து அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார், பாவம். டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்க்காமல் எனக்கு வண்டி எடுக்க வராது. முப்பது வருஷத்துக்கும் மேலான வியாதி இது.

ரப்பர் வாசனை வந்தாலே எனக்குக் குரோம்பேட்டைதான். தோல் பதனிடும் தொழிற்சாலையால் பேர் வந்த ஊர் அது, நியாயமாகத் தோல் வாசனைக்கு அல்லவா ஞாபகம் வர வேண்டும்! ஆனால் நான் வேலை பார்த்த சர்வீஸ் ஷெட், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டயர் கடைக்கு நேர் எதிரே இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். தாவரவியல் படித்துவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முதலாளி ஜாப் கார்டு எழுத வைத்துக்கொண்டார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பானெட்டை எப்படித் திறப்பது என்பதே இரண்டாவது மாதம்தான் தெரிந்தது. கார்டில் என் எழுத்தைப் பார்த்தால் மட்டும் காரைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்று தோன்றும்.

ஜாப் கார்டு என்றால் பெரிய விஷயமில்லை. வண்டி வந்து நின்றதும், என்னென்ன வேலை என்று கேட்டு எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி, நகலை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆயில், பிரேக், பேட்டரி என்று வரிசையாக அச்சடித்திருக்கும். கடைசி வரி டயர். எந்த வரியும் காலியாக இருக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. "வெத்தா வுட்டா வேல தெரியாதவன்னு நெனப்பான்டா" என்பார். அதனால் செய்யப்போகிற வேலைக்கு வட்டம், எங்கள் கணக்கில் வராததற்கு டிக். இந்த ஏற்பாட்டை மெக்கானிக்குகளிடம் யாரும் சொன்னதில்லை. டயர் எங்கள் கணக்கில் வராது. ஆகவே வண்டி ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்பே டயருக்கு டிக் விழுந்துவிடும். ஒரே இழுப்பில் வாலை நீட்டி, பார்க்க லட்சணமாகப் போடுவேன். அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

டயர் ஏன் கணக்கில் வராது என்று கேட்பீர்கள். சக்கரத்தைக் கழற்றி பிரேக் பார்ப்பவர் தேவராஜ் அண்ணன். ரொம்ப நல்ல மெக்கானிக். நான் சேர்வதற்கு முன் ஒருமுறை அவர் ஒரு வாடிக்கையாளரிடம் டயரை மாற்றச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் எதிர்க் கடையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், "எவ்ளோ கமிஷன்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து டயரைப் பற்றி எங்கள் ஷெட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. டயரோடு உறவு வைத்திருந்தவர் வண்டி கழுவும் கன்னியப்பன் மட்டும்தான். ஒரு டப்பாவில் கறுப்பாக எதையோ கரைத்து வைத்திருப்பார். மண்ணெண்ணெய் வாடை தூக்கும். அதைப் பூசினால் எந்தக் கிழட்டு டயரும் பளபளக்கும். வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது டயரைத்தான், அது மின்னினால் சர்வீஸ் பிரமாதம் என்று நம்பிவிடுவார்.

ஞானமுத்து சார் அப்படி நம்பியவர். செலையூரில் இருந்தார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். பழைய வெள்ளை ஃபியட் வைத்திருந்தார். அந்தத் தடவை வண்டியை விடும்போது, "தம்பி, கொஞ்சம் நல்லா பாத்துருங்கப்பா. மூத்தவளுக்கு மொதப் பிரசவம். டீச்சருக்கு முட்டி வலி, ரயில் ஏற முடியாது. நாகர்கோவில் வரைக்கும் இதுலதான் போறோம். நாளைக்கழிச்சுக் காலைல கெளம்பணும்" என்றார். டீச்சர் என்றது அவர் மனைவியை. நான், பானெட் திறக்கத் திணறியவன், "கவலப்படாதீங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி, டயர் என்ற வரிக்கு நேரே வாலை நீட்டினேன்.

மறுநாள் மூன்று மணிக்கு டீச்சரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். டயர்கள் நான்கும் கன்னியப்பனின் கைவண்ணத்தில் ஜொலித்தன. "புது டயர் கணக்கா ஆக்கிட்டீங்களே" என்று சார் சிரித்தார். கன்னியப்பனுக்கு வாயெல்லாம் பல். டீச்சரம்மா முன் சீட்டில் காலை மெதுவாக உள்ளே எடுத்து வைத்து உட்கார்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டி, ரோட்டில் இடப்பக்கம் தாம்பரத்தை நோக்கித் திரும்பியது. சக்கரம் ஒடிந்து திரும்பும்போதுதானே உள்பக்கம் வெளியே தெரியும்? வலது முன் டயரின் உள்விளிம்பில் ரப்பரே இல்லை. உள்ளிருக்கும் நூல் வெள்ளையாகப் பிசிறிக்கொண்டு தெரிந்தது. எதுவும் தெரியாத எனக்கே அது ஆபத்து என்று தெரிந்தது.

"சார்!" என்று கத்திக்கொண்டு கையைத் தூக்கினேன். சார் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தார். நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்து அவரும் கையை ஆட்டினார். உள்ளேயிருந்து டீச்சரம்மாவும் ஆட்டினார். நடுவில் ஒரு பல்லவன் பஸ் வந்தது. அது விலகியபோது ஃபியட் இல்லை. நான் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தேன்.

தேவராஜ் அண்ணனிடம் ஓடினேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் கையைத் துடைத்தார்.

"பாத்தேன். நேத்தே பாத்தேன்."

"சொல்லக் கூடாதாண்ணா?"

"கார்ட பாத்தேன். நீ டிக்கு போட்டுக்கீறே. சரி, அவராண்ட சொல்லிட்டான்போலன்னு வுட்டுட்டேன். இல்லாங்காட்டி, நான் போயி சரியில்லன்னு சொன்னா உன்ன மாட்டிவுட்ட மாறி ஆவாதா?"

பார்க்காதவன் போட்ட டிக், பார்த்தவரின் வாயை அடைத்துவிட்டது.

முதலாளி வெளியே போயிருந்தார். ஷெட்டை விட்டு நகர ஐந்து மணியாயிற்று. மின்சார ரயிலைப் பிடித்து, சானடோரியம் ஸ்டேஷன் கடந்து, தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் வந்து செலையூருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். நாளைக் காலைதானே கிளம்புகிறார்கள், இருப்பார்கள், காலையில் ஒரு டயரை மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இப்பதாம்பா போனாங்க. காத்தால போறதாதான் இருந்துச்சு. வண்டிதான் சர்வீஸ் பண்ணியாச்சே, இப்பவே கெளம்பி விழுப்புரத்துல தங்கிட்டுப் போலாம்னு சார் சொன்னாரு."

இன்றைக்கு என்றால் ஒரு போன். அப்போது ரோட்டில் போகும் காரைக் கூப்பிட உலகத்தில் வழியே கிடையாது. மறுபடியும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து தெற்கே பார்த்துக்கொண்டு நின்றேன். லாரிகள் போயின. ஒன்றும் செய்ய முடியாதவனுக்கு எங்கேயாவது நிற்க வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் சார் பஸ்ஸில் வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. திண்டிவனத்துக்கு இந்தப் பக்கமே டயர் வெடித்து, வண்டி புளியமரத்தில் மோதியிருக்கிறது. டீச்சரம்மாவுக்கு வலது கை மூன்று இடத்தில் உடைந்துவிட்டது. "பேத்தி பொறந்திருக்கா. டீச்சரால தூக்க முடியல. அந்தக் கை இனிமே மடங்காதுன்னுட்டாங்க" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஜாப் கார்டின் நகலை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"நான் சண்ட போட வரல. வண்டியையும் எடைக்குப் போட்டாச்சு. இந்த டயர யார் பாத்ததுன்னு தெரிஞ்சுக்கணும். அவ்ளோதான்."

முதலாளி, "டயரெல்லாம் ஓனர்தான் சார் பாத்துக்கணும், அது டயர் கடை வேல" என்றார். தேவராஜ் அண்ணன், "எனக்கு பிரேக்கு மட்டும்தான் சார்" என்று தரையைப் பார்த்தார். "நான் கழுவறவன் சார்" என்றார் கன்னியப்பன். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சார் டிக்கின் மேல் விரலை வைத்தார்.

"அப்ப இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வழக்கமா போடறது சார்" என்றேன்.

"வழக்கமா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கார்டை மடித்துப் பையில் வைத்தார். கேட் வரைக்கும் கூடவே போனேன். அங்கே நின்று என் தோளைத் தட்டினார். "விடு தம்பி. அன்னிக்கு ரோடு வரைக்கும் வந்து கை காட்டினியே, டீச்சர் வழியெல்லாம் அதையேதான் சொல்லிட்டு வந்தாங்க. நல்ல பையன்னு."

அது வழியனுப்பிய கை இல்லை சார், நிறுத்தச் சொன்ன கை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டேன். ரோடு அகலமானபோது ஷெட்டை இடித்தார்கள். எதிரே இருந்த டயர் கடையும் போய்விட்டது. திண்டிவனம் வரை இருபக்கமும் நின்ற புளியமரங்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள், அந்த ஒரு மரம் எது என்று இனி யாராலும் காட்ட முடியாது. அன்று தூக்கிய கை எதற்கு என்று சொல்லிவிடலாம் எனத் துணிச்சல் வந்து ஒருநாள் செலையூருக்குப் போனேன். ரொம்பத் தாமதம். வீடு இருந்த இடத்தில் நாலு மாடி அடுக்ககம். "ஞானமுத்து சாரா? அப்டி யாரும் இங்க இல்லியே" என்றார் வாட்ச்மேன்.

என் மகன் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால் வீடே வாசலில் நின்று கை காட்டும். "உங்களுக்கு மட்டும் கை தூக்க என்ன வலி?" என்று என் மனைவி கேட்பாள். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, தெருமுனையில் திரும்பும் சக்கரத்தின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.