மோட்டாருக்குக் காய்ச்சிய தண்ணீர்

மோட்டாருக்குள் ஊற்றுகிற தண்ணீரைக் காய்ச்சி ஊற்ற வேண்டுமா, வேண்டாமா? சிரிக்காதீர்கள். இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். இது நடந்தபோது என் மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் காலையில் அவளுக்கு வயிற்றுப்போக்கு. கணவர் வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் பஸ்ஸில் போய்விட்டார். துணி மேல் துணியாக அலசிக்கொண்டிருந்தபோது குழாய் இருமியது, காற்றை விட்டது, நின்றுபோனது.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே ஓடி மோட்டாரைப் போட்டேன். ஓடியது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் இல்லை. எரிந்துவிடுமோ என்று பயந்து உடனே அணைத்தேன். ஒருவேளை அவசரப்பட்டு அணைத்துவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். மறுபடி அணைத்தேன்.

கீழ் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிடச் சின்னவள். "என்னக்கா, பாப்பாவுக்குத்தான் பேதின்னா மோட்டாருக்குமா?" என்றாள்.

"விளையாடாதீங்க. எரிஞ்சுடுச்சோன்னு பயமா இருக்கு."

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு தட்டு தட்டுவாரு, ஓடும்."

"ஓடத்தான் ஓடுதே! தண்ணிதான் ஏறல."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. சுற்றாமல் முனகினால் கன்டென்சர் போயிருக்கும் என்று கணவர் சொல்லியிருக்கிறார். இது முனகவில்லை, லேசாக, வெறுமையாகச் சுற்றியது. அப்படியானால் ஒன்று சம்ப்பில் தண்ணீர் இல்லை, அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கிறது.

சம்ப் மூடியைத் திறப்பதென்றாலே எனக்கு நடுங்கும். வாசலோடு வாசலாகத் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அது. நடக்கப் பழகிய குழந்தைக்கு மூடி என்ன, பள்ளம் என்ன? அவளைக் கீழ் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, கேட் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். திறந்தால் முக்கால் சம்ப் தண்ணீர்.

"வாளில மொண்டு மேல தர்றேன், விடுக்கா. சாயங்காலம் ரிப்பேர்காரர் வரட்டும்."

நல்ல மனசுதான். ஆனால் அப்படிச் செய்தால் அன்று முழுக்க மூடியைத் திறந்து திறந்து மூட வேண்டும். வாளியோடு நான் படியேறும்போது யாராவது ஒரு தடவை மூட மறந்தால்? மோட்டார் ஓடியே ஆக வேண்டும்.

பம்ப்பின் தலையில் ஒரு சின்ன மூடி உண்டு. அதைத் திருகித் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் காற்று வெளியேறும். சம்ப்பை மூடிவிட்டு மேலே போய், குழந்தைக்கு ஃபிளாஸ்க்கில் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, காய்ச்சி ஆறவைத்திருந்த தவலைத் தண்ணீரை அப்படியே தூக்கி வந்தேன்.

"ஐயோ, காய்ச்சின தண்ணியாக்கா! சீரகம் போடலியா?"

"இது தொட்டிக்குத்தானே போகுது? அவளுக்கு ஏற்கெனவே வயிறு சரியில்லை."

அவள் சிரித்த சிரிப்பில் அவள் இடுப்பிலிருந்த என் மகளும் சிரித்தாள். நான் ஊற்றினேன். நிரம்பவே இல்லை. தவலை காலியானது. காய்ச்சிய தண்ணீர் அத்தனையும் சம்ப்புக்குள் இறங்கிப் பச்சைத் தண்ணீரோடு கலந்துவிட்டது. அழுகை வந்தது. அப்போதுதான் யோசித்தேன்: மேலே ஊற்றுவது குழாயில் நிற்கவில்லை என்றால், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கக் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட் வால்வ் மூடவில்லை. ஏதோ சிக்கியிருக்கிறது.

"தட்டுக்கா, தட்டிப் பாரு!" கேட்டிலிருந்து குரல்.

மோட்டாரைத் தட்டவில்லை. சம்ப்பை மறுபடி திறந்து, அதற்குள் இறங்கும் பிளாஸ்டிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து, ஊறுகாய் ஜாடியைக் குலுக்குவதுபோல் மேலும் கீழும் குலுக்கினேன். பிறகு சம்ப் தண்ணீரையே மொண்டு வேகமாக ஊற்றினேன். இந்தத் தடவை தண்ணீர் மேலேறி வந்து வாயோரம் தளும்பி நின்றது. மூடியை இறுக்கினேன். சம்ப்பை மூடி, இழுத்துப் பார்த்து, அதன்மேல் அம்மிக்கல்லையும் நகர்த்தி வைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

முதலில் அதே வெறும் சத்தம். பிறகு சத்தம் கனத்தது, சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் குரல்போல. மேலே தொட்டியில் சடசடவென்று விழுந்தது.

"ஆயித்து! ஏறுதுக்கா!" என்று அவள் என் மகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். "போடாதீங்க, வாந்தி எடுப்பா" என்று நான் கத்தினேன். எடுத்தாள், அவள் தோளிலேயே. "பரவால்லக்கா, இப்ப தண்ணிதான் வந்துடுச்சே" என்றபடி அவள் குழாயடிக்குப் போனாள்.

சாயங்காலம் ரிப்பேர்காரர் வந்து, வால்வ் தேய்ந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார். அதற்குக் குழாயை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். அரைநாள் சம்ப் திறந்தே கிடக்கும். அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். தினமும் காலையில் ஊற்றி ஊற்றியே ஓட்டுகிறேன். கணவர் சிரிக்கிறார். கீழ் வீட்டுப் பெண், தானே குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். அவளை நம்புகிறேன். ஆனால் என் மகள் இப்போது ஓடுகிறாள்.

சிறு குழந்தையை வைத்துக்கொண்டு வால்வ் மாற்றியவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்: சம்ப் திறந்திருந்த அந்த அரைநாள், குழந்தையை எங்கே வைத்தீர்கள்?